‘பாரு’வில் வரும் அதே ‘ரு’

‘முன்னேறு’ என்ற ஒரு சொல்லை எங்கள் சேர்ந்திசைக் குழுவில் 28 பேரின் வாயில் வரவைக்க வேண்டும். அன்றைக்கு எனக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான். சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தின் மூன்றாம் மாடி அறை, வெள்ளிக்கிழமை இரவு. நான் ‘முன்னேறு’ என்றேன். பாதி அறை ‘முன்னேலு’ என்றது. நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் தட்டுங்கள் என்றேன். வெள்ளைப் பலகையில் நாக்கின் படம்கூட வரைந்தேன். கால் மணி நேரம் போயிற்று, ‘லு’ மட்டும் போகவில்லை.

தாழ்ந்த பெண்குரலான ஆல்ட்டோ வரிசையின் கடைசியில் ஒரு மலாய் அம்மா உட்கார்ந்திருப்பார். எங்கள் எல்லோருக்கும் அவர் மாக்சிக். மலாயில் அத்தை, சித்தி என்று எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அவர் கையைத் தூக்கினார். “தேசிய கீதத்தில் ‘பாரு’ என்று வருகிறதே, அதே ‘ரு’தானே இது?” என்றார்.

‘பாரு’ என்றால் மலாயில் ‘புதிய’. இங்கே பிறந்து வளர்ந்த எல்லோரும் பள்ளிக்கூடத் திடலில் கொடி ஏறும்போது பல வருடம் தினமும் பாடிய சொல். “பாரு, பாரு, முன்னேறு” என்று மாக்சிக் சொல்ல, அறையே சேர்ந்து சொன்னது. மூன்றாவது முறை சரியாக வந்துவிட்டது. இலக்கணப்படி ரகரமும் றகரமும் வேறுதான். ஆனால் பேச்சில் நம்மில் பெரும்பாலோர் அந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. கொஞ்சம் அழுத்திச் சொன்னால் பாட்டுக்குப் போதும்.

தமிழ்ச் சொல்லைத் தமிழிலிருந்துதான் சொல்லிக்கொடுக்க முடியும் என்று அதுவரை நினைத்திருந்தேன். பாடுகிறவர்களின் வாயில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தேடியதே இல்லை. அந்த இரவுக்குப் பிறகு எங்கள் குழுவில் தமிழ்ப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் விதத்தையே மாற்றிக்கொண்டேன். அப்படி ஏழெட்டு வருடமாகக் கற்றதை, பல மொழிக்காரர்களைச் சேர்த்துவைத்துப் பாட நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

நான் திருச்சிக்காரி. 2007இல் கணவருடைய வேலைக்காக இங்கே வந்தோம். 2016இல் குடியுரிமை எடுத்தோம். இந்தியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை என்பதால் பழைய கடவுச்சீட்டைக் கொடுத்துவிட வேண்டியிருந்தது. குடியுரிமைச் சடங்கில் உறுதிமொழி சொன்னோம். 1966இல் அதன் வரைவை எழுதிய எஸ். ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வளர்ந்தவர். அதைத் தடங்கல் இல்லாமல் சொல்லிவிட்டேன். தேசிய கீதம் ஒலித்தபோதுதான் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றேன்.

என் மகள் அப்போது தொடக்கநிலை இரண்டில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும், “அம்மா, நீங்க பாடவே இல்ல” என்றாள். அன்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவளே எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். ‘பஹாகியா’ என்றால் மகிழ்ச்சி என்றாள். நம் பாக்கியம்தான் அது என்று சட்டென்று உறைத்தது. ‘பெர்ஜாயா’வுக்குள் ஜெயம் உட்கார்ந்திருந்தது. ‘ச்சித்தா’வுக்குள் சித்தம். வடமொழியிலிருந்து ஒரு கிளை தமிழுக்கும் இன்னொரு கிளை கடல் தாண்டி மலாய்க்கும் போயிருக்கிறது. இந்த ஊரின் பெயரே சிங்கபுரம்தான் என்பது தெரிந்த கதை. ஆனால் பாட்டின் உள்ளே ஒவ்வொரு வரியிலும் எனக்குத் தெரிந்த ஒரு முகம் நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

புரியாத மொழியில் தேசப்பாட்டுப் பாடுவது எனக்குப் புதிதல்ல. திருச்சியில் பள்ளிக்கூடம் முழுக்க 52 வினாடி தாகூரின் வங்கமொழி வரிகளைப் பாடினேன். ‘திராவிட’ என்ற சொல் வரும்போது அது நம்மைத்தான் சொல்கிறது என்று தெரியும். மற்றபடி பொருள் கேட்க எனக்கும் தோன்றவில்லை, சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. இன்றும் எங்காவது அந்தப் பாட்டுக் கேட்டால் தொண்டை அடைக்கிறது. அதை மறைக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஒரு தேசிய கீதத்தைச் சொல் சொல்லாகப் பொருள் கேட்டுக் கற்றது இங்கேதான், 37ஆவது வயதில், ஏழு வயதுப் பிள்ளையிடம்.

அப்புறம் அந்தப் பாட்டின் கதையைத் தேடிப் படித்தேன். எழுதி இசையமைத்தவர் ஸுபிர் சயித். சுமத்ராவின் மினாங்கபாவ் நிலத்தில் பிறந்து, 1928இல் சிங்கப்பூருக்கு வந்தவர். ‘மஜுலா சிங்கப்பூரா’ தொடங்கியபோது நாட்டின் கீதம் இல்லை, நகராட்சியின் பாட்டு. புதுப்பித்த விக்டோரியா அரங்கின் திறப்பு விழாவில் 1958 செப்டம்பர் 6 அன்று முதல்முறை ஒலித்தது. தன்னாட்சி வந்தபின் 1959 டிசம்பர் 3 அன்று கொடியோடும் சின்னத்தோடும் சேர்த்து அறிமுகமாயிற்று. 1965இல் தனி நாடானபோது நாட்டின் கீதமாயிற்று. தம் பாட்டுக்கு அடிப்படை ஒரு மலாய்ப் பழமொழி என்று அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்: எந்த மண்ணை மிதிக்கிறாயோ அந்த மண்ணின் வானத்தைத் தாங்கு. வேறு ஊரிலிருந்து வந்த ஒருவர் சொன்னது என்பதால் அது என்னிடம் நேராக வந்து சேர்ந்தது.

2020 கணக்கெடுப்பின்படி இங்கே குடியிருப்போரில் சீனர் 74 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9. கீதத்தைச் சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மற்ற மூன்று ஆட்சிமொழியிலும் மொழிபெயர்ப்பில் படிக்கலாம். பாடுவது மட்டும் மலாயில்தான் என்பது விதி. அப்படியென்றால் பெரும்பான்மையோருக்கு அது பக்கத்து வீட்டுக்காரர் மொழி. எனக்கு இதில் ஒரு நிம்மதி உண்டு. எண்ணிக்கையில் பெரியவர்களும் இந்த ஒரு பாட்டுக்காவது இன்னொருவர் மொழிக்கு வாயைப் பழக்க வேண்டியிருக்கிறது.

குழுவில் சேர்ந்தது அடுத்த வருடம். என் மகளின் தோழியுடைய பாட்டி, ஓய்வுபெற்ற சீனமொழி ஆசிரியர், “நீ வீட்டில் பாடுவது எங்கள் தளம்வரை கேட்கிறது, வா” என்று கூட்டிக்கொண்டு போனார். அவரை ஆன்ட்டி என்பேன். பத்து வருடம் கர்நாடக சங்கீதம் கற்றவள் என்ற தைரியத்தில் போனேன். முதல் நாளே எங்கள் ஆசிரியர் பியானோவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு நான் வழுக்கிக்கொண்டு போகிறேன் என்றார். எனக்கு அது மூச்சு விடுவது மாதிரி. ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் இல்லாமல் பாடினால் பாட்டுக்கே உயிர் இல்லை என்று வளர்ந்தவள் நான். ஆனால் நான்கு குரல் நான்கு ஸ்வரத்தில் நிற்கும்போது ஒரு குரல் அசைந்தால் நான்கும் கலங்கிவிடுகிறது. நேர்கோடாக ஒரே ஸ்வரத்தைப் பிடித்து நிற்கப் பழக எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் சேர்ந்திசைக்குப் போனால் இதற்குத் தயாராகப் போங்கள். சுருதி ஞானம் பெரிய உதவி. கமகத்தை வாசலில் செருப்போடு விட்டுவிட வேண்டும், திரும்பும்போது போட்டுக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் சேர்ந்திசை என்றால் எம்.பி. சீனிவாசனின் பெயர் வராமல் இருக்காது. சென்னையில் அவர் உருவாக்கிய இளைஞர் சேர்ந்திசைக் குழு பாரதி பாட்டையும் மற்ற இந்திய மொழிப் பாட்டுகளையும் பல குரலில் பாடியது. ஆல்ட்டோ வரிசையில் நின்று பாடும்போதுதான் அந்த வேலையின் கஷ்டம் எனக்குப் புரிந்தது. பெரும்பாலும் நமக்கு மெட்டே கிடைக்காது. மெட்டு உயர்ந்த பெண்குரல் பாடும் சொப்ரானோக்களிடம் இருக்கும். நாம் அதற்குக் கீழே வேறொன்றைப் பாடிக்கொண்டு, காதை அவர்களிடம் கொடுத்திருக்க வேண்டும். “பக்கத்தில் நிற்பவர் குரல் கேட்கவில்லை என்றால் நீங்கள் தேவைக்கு மேல் சத்தமாகப் பாடுகிறீர்கள்” என்பார் ஆசிரியர். நீண்ட வரியில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு எடுக்கக் கூடாது. பக்கத்தவர் எடுக்கும் இடத்தில் நான் பாடிக்கொண்டிருப்பேன், நான் எடுக்கும்போது அவர் தாங்குவார். கேட்பவருக்கு வரி அறுவதே தெரியாது. ஆன்ட்டியும் நானும் இத்தனை வருடமாக இப்படி மாற்றி மாற்றி மூச்சு விடுகிறோம். அவர் இருமினால் எந்த இடத்தில் நிறுத்துவார் என்றுகூட எனக்குத் தெரியும்.

சீனப் பாட்டு எனக்குப் பெரிய சோதனை. மாண்டரினில் நம் எழுத்தில் எழுதவே முடியாத ஓர் உயிரொலி உண்டு. பச்சை என்ற சொல்லில் அது வரும். நான் அதை ‘லூ’ என்று பாடினேன். ஆன்ட்டி மெதுவாக என் தாளில் விரலை வைத்து, “இப்போது நீ பாடியது சாலை” என்றார். பச்சை மலை என்று வர வேண்டிய இடத்தில் சாலை மலை. அவர் சொன்ன வழி இது: ‘ஈ’ என்று சொல்லிக்கொண்டே இரு, நாக்கை அசைக்காதே, உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவி. முயன்று பாருங்கள், உடனே வரும். மாண்டரினில் குரல் ஏறி இறங்கும் தொனி மாறினால் பொருளே மாறுமே, பாடும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மெட்டு தொனியை விழுங்கிவிடும், முன்னும் பின்னும் வரும் சொல்லை வைத்துப் புரிந்துகொள்வோம் என்றார். அதனால்தான் உயிரொலியில் பிழை விடக் கூடாதாம். தொனி போனபின் மிஞ்சியிருப்பது அதுதான்.

அதே வருடம் எங்கள் குழுவில் இருக்கும் ஒரு தமிழ்த் தம்பி சின்னதாக ஒரு பாட்டு எழுதினான். அதில் ‘வாழ்வோம்’ வருகிறது. ழகரத்துக்கு இரண்டு வாரம் ஒதுக்க வேண்டும் என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். நம்மவர்களுக்கே வராத எழுத்தாயிற்றே. ஆன்ட்டி தாளைப் பார்த்தார், நான் ஒருமுறை சொன்னதைக் கேட்டார், திருப்பிச் சொன்னார். ‘வாழ்வோம்.’ சுத்தமான ழகரம். எனக்குப் பேச்சே வரவில்லை. எப்படி என்று கேட்டதற்கு, மனிதன் என்பதற்கு மாண்டரினில் ஒரு சொல் உண்டு, அதன் முதல் ஒலி கிட்டத்தட்ட இதுதானே என்றார். நாக்கை மேலே மடக்கி, எங்கும் தொடாமல் நிறுத்துவது. சீனமொழியை அழுத்தந்திருத்தமாகச் சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கு அது தினசரிப் பழக்கம். தமிழுக்கே உரியது என்று நாம் மார்தட்டும் எழுத்து என் பக்கத்து நாற்காலியில் இத்தனை நாள் உட்கார்ந்திருந்திருக்கிறது. அன்று முதல் ழகரம் வந்தால் குழுவில் அவர்தான் ஆசிரியர். றகரத்துக்கு மாக்சிக். நான் சொல்வது குறில், நெடில் மட்டும்.

குறில் நெடிலை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மற்ற பிழைகளைக் காது மன்னிக்கும், இதை மன்னிக்காது. அந்தத் தம்பியின் பாட்டில் ‘பயம் விடு’ என்று ஒரு வரி. மெட்டில் ‘வி’ இருக்கும் இடத்தில் நான்கு எண்ணிக்கை நீளும் ஸ்வரம் விழுந்தது. 28 பேரும் சேர்ந்து நீட்டியபோது ‘பயம் வீடு’ என்று கேட்டது. தமிழர் ஒருவர் தனியாகப் பாடினால் குரலை அலைத்து எப்படியோ குறிலைக் காப்பாற்றிவிடுவார். நேர்கோடாகப் பாடும் கூட்டத்தில் அது முடியாது. தம்பியும் ஆசிரியரும் பியானோ அருகே அரை மணி நேரம் உட்கார்ந்து ‘பயம் நீக்கு’ என்று மாற்றினார்கள். நீளும் ஸ்வரம் ‘நீ’யில் போய் உட்கார்ந்துகொண்டது. அதிலிருந்து எந்தத் தமிழ்ப் பாட்டு வந்தாலும் முதலில் பென்சிலோடு உட்கார்ந்து, நீளமான ஸ்வரங்களின் கீழே எந்த எழுத்து இருக்கிறது என்று பார்க்கிறேன். மெட்டமைத்தவர் தமிழ் தெரியாதவர் என்றால் இது கட்டாயம்.

சொல்லிக்கொடுப்பதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி எளிது. ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று ஒலிப்பதிவு செய்து வாட்ஸ்அப்பில் போடுவோம். முதலாவது, மெட்டில்லாமல் பேசுவது போல மெதுவாக. இரண்டாவது, தாளத்தோடு பேச்சு. மூன்றாவதுதான் பாட்டு. இரண்டாவதை யாரும் தாண்டக் கூடாது. அதைத் தாண்டியவர்கள் மேடையில் மெட்டை நினைவு வைத்துச் சொல்லை விழுங்குவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். எழுத்தை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். ஆன்ட்டியின் தாளில் தமிழ் வரிகளுக்கு மேல் சீன எழுத்துகள் ஒலிக்காக வரிசையாக இருக்கும். மாக்சிக் மலாய் எழுத்துக்கூட்டலில் எழுதுவார். என் சீனப் பாட்டுத் தாள் முழுக்கத் தமிழ். ஒரு தடவை தாள்கள் கலந்துபோய் ஆன்ட்டியின் தாள் என் கைக்கு வந்தது. என் தாய்மொழிப் பாட்டு, ஒரு வரிகூட வாசிக்க முடியவில்லை. அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். ஒவ்வொரு எழுத்துக்கு மேலும் எவ்வளவு நேரம் செலவழித்திருப்பார் என்று தெரிந்தது.

எல்லாம் இப்படி இனிமையாகவே போயிற்று என்று சொன்னால் பொய்.

ஒரு விழாவில் நான்கு மொழியிலும் ஒவ்வொரு பாட்டுப் பாட ஏற்பாடு. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்று வழக்கமான வரிசை. மூன்று மாதம் பயிற்சி செய்திருந்தோம். மேடைக்குப் போகப் பத்து நிமிடம் இருக்கும்போது நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வந்து, நேரம் போதவில்லை, தமிழ்ப் பாட்டை முதல் பத்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார். எதற்காகத் தமிழ் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கையிலிருந்த தாளையே பார்த்தார். எனக்கு முன்னால் மாக்சிக் பேசினார்: “அப்படியானால் மலாய்ப் பாட்டிலும் ஒரு பத்தியை எடுத்துவிடுங்கள். சீனத்திலும்.” கடைசியில் நான்கிலும் ஒவ்வொரு பத்தி போயிற்று. அந்த அரை நிமிடம் எனக்கு வலித்தது. ஆனால் மாக்சிக் சொன்னதை நான் சொல்லியிருந்தால் அது தமிழச்சியின் குறையாக மட்டும் நின்றிருக்கும். உங்கள் மொழிக்காக இன்னொருவர் பேசும் அளவுக்குக் குழுவில் பழக்கம் வேண்டும். அது மேடையில் வராது, பயிற்சிக்குப் பிறகு கோப்பிக் கடையில் உட்காரும்போது வருவது. அதன் பிறகு நான்கு பாட்டையும் ஒன்றுக்குள் ஒன்று போகிற மாதிரி ஆறு நிமிடக் கோவையாகக் கட்டிவிட்டோம். எத்தனை நிமிடம், எத்தனை வினாடி என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். வெட்ட இடமில்லை.

உடை இன்னொரு வழக்கு. தமிழ்ப் பாட்டு வந்தால் சேலை கட்டிய நாங்கள் நால்வர் முன்னால் வர வேண்டும், மற்றவர்கள் பின்னால் அசைந்துகொண்டு நிற்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. புகைப்படத்துக்கு அழகாகத்தான் இருக்கும். நான் அதை எதிர்த்தே வந்திருக்கிறேன். அப்படி நின்றால் நான்கு சிறு குழுக்கள் ஒரே மேடையில் நிற்கின்றன, அவ்வளவுதான். குரல் வகைப்படி நில்லுங்கள். ஒரே மொழிக்காரர் இருவர் அருகருகே உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பயிற்சியில் தமிழ் தெரிந்தவர் பக்கத்தில் தெரியாதவர் இருந்தால், பாதிச் சந்தேகம் ஆசிரியரிடம் போகாமலே தீர்ந்துவிடும். தனிக்குரல் வரிகளையும் மாற்றிக் கொடுக்கிறோம். தமிழ்ப் பாட்டின் தனிக்குரலை ஒரு சீனத் தம்பி பாடியபோது, நிகழ்ச்சி முடிந்து ஒரு பெரியவர் வந்து, “நம்ம பிள்ளை ஒருத்தர்கூடக் கிடைக்கலையாம்மா?” என்று வருத்தத்தோடு கேட்டார். கிடைப்பார்கள் ஐயா, ஆனால் அந்தப் பையன் இந்த எட்டு வரிக்காக இரண்டு மாதம் என் வீட்டுக்கு வந்தான் என்றேன். அவர் வருத்தம் முழுதாகத் தீரவில்லை. தீர வேண்டும் என்றும் இல்லை. தமிழ் ஒலிக்கும் மேடைகள் குறைவு என்று பயப்படுகிறவரின் கேள்வி அது.

பாட்டுத் தேர்வில் நானும் ஒருமுறை தவறினேன். எனக்கு உயிரான ஒரு பக்திப் பாட்டைக் கொண்டுபோனேன். மெட்டு அவ்வளவு அழகு, பொருளை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். மாக்சிக் தனியாகக் கூப்பிட்டு, “இதை நான் கேட்பேன், ரசிப்பேன், பாட மட்டும் முடியாது” என்றார். பொருள் சொல்லித்தான் கற்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லும் நானே பொருளை ஒதுக்கப் பார்த்திருக்கிறேன். அந்தப் பாட்டை விட்டுவிட்டோம். நோன்பு மாதத்தில் பயிற்சியை எட்டு மணிக்குத் தள்ளிவைக்கிறோம். ஏழேகாலுக்கு முன்னும் பின்னும் நோன்பு திறக்கும் நேரம். மாக்சிக் பேரீச்சம்பழம் கொண்டுவருவார், எல்லோரும் ஒன்று எடுத்துக்கொண்டுதான் தொடங்குவோம். பொதுச் சாப்பாடு என்றால் ஹலால், அதில் ஒரு தட்டாவது சைவம். இதை எழுதி ஒட்டிவைத்தால் ஒவ்வொரு தடவையும் யாரும் கேட்டுக் கூச்சப்பட வேண்டாம்.

எல்லோரும் சேர்ந்து பாட வேண்டிய பாட்டை உயரமாக வைக்காதீர்கள். தேசிய கீதத்தையே மக்கள் எளிதாகப் பாட வேண்டும் என்று 2001இல் ஜி மேஜரிலிருந்து எஃப் மேஜருக்கு இறக்கினார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்களோடு பாடும்போது இன்னும் அரை ஸ்வரம் இறக்குவோம்.

2020இல் கிருமி வந்து எல்லாம் நின்றது. ஸூமில் 28 பேர் சேர்ந்து பாட முடியாது. ஒலி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தாமதத்தில் வந்து சேரும். எல்லோரும் மைக்கை மூடிவிட்டு, ஆசிரியரின் பியானோவுக்குத் தனித்தனியாகப் பாடினோம். ஏப்ரல் 25 இரவு 7.55க்கு நாடு முழுக்க வீட்டு ஜன்னலில் நின்று ‘ஹோம்’ பாட்டைப் பாட அழைத்திருந்தார்கள், முன்களப் பணியாளர்களுக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் நன்றியாக. எங்கள் அடுக்குமாடி புளோக்கிலும் எதிர்ப் புளோக்கிலும் கைபேசி வெளிச்சம் அசைந்தது. அந்த வாரங்களில் தொற்று பெரும்பாலும் தொழிலாளர் தங்கும் விடுதிகளில்தான் இருந்தது. அங்கே அடைந்து கிடந்தவர்களில் பலர் பெரம்பலூர், புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பிகள். பாடும்போது எனக்கு மலாய் கீதத்தின் ஒரு சொல் நினைவில் ஓடியது. தமிழில் நாம், நாங்கள் என்று இரண்டு இருப்பது போல மலாயிலும் உண்டு. ‘கித்தா’ என்றால் நாம், ‘காமி’ என்றால் நாங்கள். கேட்பவரைச் சேர்த்துக்கொள்வது முதலாவது, வெளியே நிறுத்துவது இரண்டாவது. கீதத்தின் தொடக்கத்தில் ஸுபிர் சயித் வைத்தது ‘கித்தா’. ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு கிடையாது. அடுத்த வாரம் ஸூமில் இதைச் சொன்னேன். மாக்சிக்குக்கு உடனே புரிந்தது, மற்றவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. அந்தப் பேச்சில்தான் விடுதிகளில் போய்ப் பாட வேண்டும் என்று முடிவானது. கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு, 2022 தீபாவளிக்கு ஒரு விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் பாடினோம். ஆன்ட்டி ‘வாழ்வோம்’ என்றதும் முன்வரிசையில் இருந்த ஒரு தம்பி பக்கத்தவனைத் தட்டிக் காட்டினான். நாங்கள் முடித்ததும் அவர்கள் சினிமாப் பாட்டுப் பாட ஆரம்பித்தார்கள். எங்களுக்கு அதில் ஒரு வரிக்கும் இரண்டாம் குரல் தெரியாது. கைதட்டிக்கொண்டு நின்றோம்.

கடைசியாக 2023 தேசிய தின விருந்து. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் வட்ட மேசைகள் போட்டிருந்தார்கள். நாங்கள் கோவையைத் தொடங்கும் நேரம் பார்த்து ஒலிபெருக்கி செத்துவிட்டது. பின்னணி இசை இல்லை, மைக் இல்லை. ஆசிரியர் கைபேசியில் ஒரு ஸ்வரத்தை எடுத்துக் காட்டினார், தொடங்கிவிட்டோம். தமிழ் முறை வந்தது. ‘முன்னேறு வாலிபா’ 1960களில் எஸ். ஜேசுதாசன் எழுதி இசையமைத்தது. எல்லா இனப் பிள்ளைகளும் பள்ளியில் பாடிய பாட்டு. இரண்டாவது வரிக்கு வருவதற்குள் மேசைகளிலிருந்து குரல் எழுந்தது. எழுபது வயதை ஒட்டிய சீனத் தாத்தாக்கள், மலாய்ப் பாட்டிகள், சாப்பிட்டுக்கொண்டிருந்த கரண்டியை வைத்துவிட்டுப் பாடினார்கள். ஒரு சொல்லும் விடவில்லை. றகரம் எல்லோருக்கும் வந்தது. நாங்கள் 28 பேரும் எங்கள் குரல்களை விட்டுவிட்டு மெட்டுக்கு மாறினோம். ஆசிரியர் கையைக் கீழே போட்டுவிட்டார்.

முடிந்து நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு அங்கிள் வந்தார். சின்ன வயதில் பள்ளியில் கற்ற பாட்டு, ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, வரிகள் மட்டும் மறக்கவில்லை என்றார். “கடைசியில் ‘வாலிபா’ என்று யாரையோ கூப்பிடுகிறோமே, அது யார் பெயர்?”

பெயர் இல்லை அங்கிள், இளைஞனே என்று கூப்பிடுவது, பாடுகிற பிள்ளைகளைத்தான் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. திரும்பி மேசையில் இருந்த மனைவியிடம் ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழியில் ஏதோ சொன்னார். அந்த அம்மா இவரை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் அங்கிள் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, விருந்துக்கான அழைப்புச் சீட்டின் பின்பக்கத்தை என்னிடம் நீட்டினார். எழுதிக் கொடு, தமிழில், என்றார். எழுதினேன். ஒவ்வொரு எழுத்தின் கீழும் விரலை வைத்து வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். வா. லி. பா. பிறகு சீட்டை இரண்டாக மடித்து, பேனாவோடு பைக்குள் வைத்துக்கொண்டார்.